வால் எங்கே

பேராதனையில் முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார்கள்: நேர்ட்.
இரவு ஒரு மணிக்கும் எரிந்த என் மேசைவிளக்கைப் பார்த்து
கொழும்புக்காரி ஒருத்தி வைத்தது.
அகராதியில் தேடிப் பார்த்தேன்,
தேடியதாலேயே பெயர் சரி என்றார்கள்.
நேர் என்று தொடங்குகிற சொல்.
நேராகத்தான் வந்தேன் நானும்,
லயத்திலிருந்து ரோட்டுக்கு, ரோட்டிலிருந்து பஸ்ஸுக்கு,
ஒரு பாஸ்பேப்பரிலிருந்து அடுத்ததற்கு.

அதன் பக்கத்து வீட்டுச் சொல் கீக்.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
அது சொல்லே இல்லை.
அக்கரப்பத்தனையில், மூன்றாம் நம்பர் மலையில்,
மழை விட்டதும் கானுக்குள்ளிருந்து வருமே, அது.
கீக். கொஞ்சம் பொறுத்து, டிக் டிக்.

பிரிஜித்தாவும் நானும் ஒரே பெஞ்சு.
தவளையின் வாழ்க்கை வட்டத்தை வரைந்து பெயரிடுக.
நான் முட்டை, வாற்பேத்தை, கால் முளைத்த வாற்பேத்தை, தவளை,
அம்புக்குறி நான்கும் அடிமட்டம் வைத்து.
அவள் ஒரு முட்டை வரைந்தாள்.
அதற்குள் ஒரு தவளை.
முடிந்தது.
மிஞ்சிய இடத்தில் தேயிலை இலை ஒன்று, நரம்போடு.
பத்துக்குப் பூச்சியம். சிவப்பு மையில், வால் எங்கே?
ஒரு கிழமை வகுப்பே அவளை வாலு வாலு என்றது.
அவளுக்குக் கேட்கவில்லை,
காது வேறெங்கோ இருந்தது.

சனிக்கிழமை என்னைக் கூட்டிப்போனாள்,
தன் விடை சரி என்று காட்ட அல்ல.
எனக்குப் பிடிக்கும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.
தலையில் உரப்பைக் கொங்காணி,
அட்டைக்குப் பயந்து காலெல்லாம் சவர்க்காரம்,
அவள் அப்பாவின் டோர்ச்.
பீலிக்கு மேலே ஒரு செடியடியில்
நகத்தால் மண்ணை விலக்கினாள்.
ஜவ்வரிசி மாதிரி.
ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு ஆள்,
நாலு காலும் கண்ணுமாக,
நீந்தும் வயசைத் தாண்டிக் குதித்துவிட்ட ஆள்.

இதுக்கு என்ன பேர்?
தெரியாது.
சரி, என்ன சாதி?
(பாடப்புத்தகச் சாதியைத்தான் கேட்டேன்.)
தவளைகிட்டயும் அதக் கேக்கணுமா, என்றாள்.
பேர் தெரியாம எப்படி ஞாபகம் வச்சிக்குவே?
அந்தா கத்துறான் பாரு, அவன் பொய்க்காரன்.
ரெண்டு டிக் போட்டுட்டு மூணாவத முழுங்கிருவான்.
நான் கொப்பியைத் திறந்தேன்.
பேனை மூடி கழன்ற சத்தத்துக்கு
முழு மலையும் வாயை மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை டீச்சரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.
என் பத்துக்குப் பத்து பத்திரமாக இருந்தது.

இப்போது பெயர் தெரியும். சூடோஃபிலாட்டஸ்.
வாற்பேத்தைப் பருவம் இல்லை என்று
வழவழப்பான தாளில் அச்சாகியிருக்கிறது.
பக்க எண் இருந்தால்தான் நான் நம்புவேன்.
பிரிஜித்தா ஏ.எல். இரண்டு தரம் தவறி
தலவாக்கலையில் ஒரு போன் கடையில் ரீலோட் போடுகிறாள்.
மழை விட்டால் கடையை விட்டு எழும்பிப்போகிறாள் என்று
முதலாளி ஏசுகிறாராம்.

விடுதியில் ஒரு இரவு விவாதம்,
நேர்டுக்கும் கீக்குக்கும் என்ன வித்தியாசம்?
ஒருத்திக்கு விடை வேணும், ஒருத்திக்குத் தவளை வேணும், என்றேன்.
சொன்னது நன்றாக இருக்கிறதே என்று
கொப்பியில் திகதியோடு எழுதிவைத்தேன்.
பாருங்கள்.

நேற்று ஒரு படிவம் வந்தது.
ஒலிப்பதிவு செய்தவர்: பிரிஜித்தா.
தகுதி: வெறும் பெட்டி.
என்ன போட, என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன்.
பதில் வந்தது, எழுத்தில்லை,
நாற்பத்தொரு செக்கன் சத்தம்.
முப்பத்தெட்டு மழை.
கடைசி மூன்றில் பொய்க்காரன்.
அவனாக இருக்க முடியாது, தவளைக்கு அவ்வளவு ஆயுள் இல்லை,
பேரனாக இருக்கலாம்.
கீக், என்கிறான். டிக், டிக்,
மூன்றாவதை முழுங்குகிறான்.